வழி சொன்னவர்கள்: ஓய்மாநாட்டின் கழியும் காடும் மலையும்

ஓமந்தூர் என்றவுடன் கற்றவர் நெஞ்சில் முதலில் எழும் பெயர் ஓமந்தூர் இராமசாமி ரெட்டியாருடையது. நாடு விடுதலை பெற்ற 1947ஆம் ஆண்டில் சென்னை மாகாணத்தின் ஆட்சிப் பொறுப்பேற்று, 1949இல் அதனை விட்டிறங்கி, பின்னர் வடலூரில் வள்ளலார் நெறியில் வாழ்ந்த அப்பெருமகனாரைப் பற்றி எழுத நம் வட்டத்தில் என்னினும் தகுதியுடையோர் உளர். நான் எழுதப் புகுவது ஊரைப் பற்றியன்று. ஊருக்குப் புறத்தே கிடந்த நிலத்தைப் பற்றி. ஏரிக்கரையும் முட்புதரும் உவர்க்கழியும் மேற்கே தொலைவில் தெரியும் செஞ்சிக் குன்றுகளுமாகிய அந்நிலத்தில் நடந்தவர்களைப் பற்றி.

பத்தாண்டு நிறைவு மலருக்கு 'நம் பகுதியும் சங்க இலக்கியமும்' என்பது போல ஒரு கட்டுரை வேண்டும் என்றே மலர்க்குழுவினர் என்னிடம் கேட்டனர். அதை நான் முன்னரே ஒருமுறை எழுதிவிட்டேன். ஆற்றுப்படை நூல்களைப் பற்றி முந்நூறு பக்கத்திற்கு மேற்பட்ட ஆய்வேடாக எழுதிப் பட்டமும் பெற்றுவிட்டேன். அந்த ஏட்டில் நான் செய்த ஒரு பிழையைத் திருத்துவதற்கே இப்போது எழுதுகிறேன். பிழை இன்னதென்பதை உரிய இடத்தில் சொல்வேன்.

ஆறு என்பது வழி. பரிசில் பெற்று மீளும் ஒரு கலைஞன், வறுமையோடு எதிர்ப்படும் மற்றொரு கலைஞனை இடைவழியில் நிறுத்தி, தான் சென்ற வழியைச் சொல்லி அவனையும் ஆற்றுப்படுத்துவதே ஆற்றுப்படை. இதனை நாம் வள்ளல் புகழ் பாடும் இலக்கியமாகவே பெரிதும் கற்பித்து வருகிறோம். வள்ளலை நீக்கிவிட்டுப் பார்த்தால் எஞ்சி நிற்பது, நடந்து வந்த ஒருவன் நடக்கப் போகும் ஒருவனுக்குச் சொல்லும் சொந்த அனுபவம். எங்கே நிழல் உண்டு, எங்கே வழுக்கும், எந்தப் பள்ளத்தில் பாம்பு கிடக்கும், யார் வீட்டில் சோறு கிடைக்கும் என்பன அவ்வனுபவத்தின் செய்திகள். காடும் மலையும் கடந்தவர்கள் தம் கதையைச் சொல்வதற்கென்றே ஓர் இலக்கிய வகையைத் தமிழர் அமைத்துக்கொண்டிருந்தனர் என்று இதனைச் சொல்லலாம்.

பத்துப்பாட்டில் ஆற்றுப்படைகள் ஐந்து. அவற்றுள் மூன்று நம்மைச் சூழ்ந்த வடபுலத்தைச் சேர்ந்தவை. காஞ்சியை ஆண்ட தொண்டைமான் இளந்திரையனிடம் செலுத்துவது பெரும்பாணாற்றுப்படை. செங்கத்தைத் தலைநகராகக் கொண்ட நன்னன் சேய் நன்னனிடம் செலுத்துவது மலைபடுகடாம். நம் ஓய்மாநாட்டு நல்லியக்கோடனிடம் செலுத்துவது சிறுபாணாற்றுப்படை. இந்நிலம் அன்று வழிப்போக்கர் நிலமாகவே இருந்திருக்கிறது.

உப்பில்லாக் கீரை

சிறுபாணாற்றுப்படை 269 அடிகளால் ஆயது. பாடியவர் இடைக்கழிநாட்டு நல்லூர் நத்தத்தனார். இடைக்கழிநாடு இன்றும் செய்யூருக்குக் கிழக்கே அதே பெயரால் வழங்கி வருகிறது. அங்கிருந்து தெற்கே கடலோரமாக இறங்கினால் மரக்காணம். ஆகவே புலவர் தாம் கேள்வியுற்ற நாட்டைப் பாடவில்லை, தம் அண்டை நிலத்தைப் பாடினார் என்று கொள்வதில் தடையில்லை. அவர் பாட்டில் தாழம்பூ அன்னமாகத் தோன்றுவதும், செருந்தி பொன்னென மயக்குவதும், புன்னை அரும்பு முத்தாக நிற்பதும் கண்ணாற் கண்டவன் சொல்லும் செய்திகளாகவே எனக்குப் படுகின்றன.

வழியைச் சொல்லும் முன் பாணன் தன் பழைய வறுமையைச் சொல்கிறான். கூரை இற்ற அடுக்களையில் கண் திறவாக் குட்டிகளை ஈன்ற நாய் கிடக்கிறது. மனைவி குப்பையில் முளைத்த கீரையை நகத்தால் கிள்ளி வந்து, உப்பும் இன்றி வேகவைத்து, அயலார் காணாதபடி கதவை அடைத்துவிட்டுச் சுற்றத்தோடு உண்கிறாள். வகுப்பில் இப்பகுதியை நடத்தும்போது கதவடைத்த நாணத்தையே நாம் அனைவரும் எடுத்துப் பேசுகிறோம். எனக்கு இப்போது உப்பின்மையே பெரிதாகத் தோன்றுகிறது. ஏனெனில் அவன் ஆற்றுப்படுத்தும் வழி உப்பு விளையும் நாட்டினூடே செல்கிறது. அதன் முதல் ஊர் எயிற்பட்டினம். அறிஞர் பலர் இதனை மரக்காணம் என்பர். கிரேக்க மாலுமியின் பெரிப்ளூஸ் குறிப்பு சுட்டும் சோபட்மா துறைமுகமும் இதுவே என்பது பலர் கருத்து. உப்பளங்கள் இன்றும் வெண்மை விரித்துக் கிடக்கும் ஊர் அது. உப்பில்லாத கீரை தின்றவனை முதலில் உப்பு விளையும் கரைக்கு அனுப்பிய புலவரின் உள்ளம் என்ன நினைத்ததோ!

அங்கே அலை கொண்டுவந்து ஒதுக்கிய மணமுள்ள மரத்துண்டுகள் உறங்கும் ஒட்டகங்களைப் போலக் கிடக்கின்றன. நுளைச்சியர் அவற்றை விறகாக எரிக்கின்றனர்; பாணனுக்குத் தேறலும் சுட்ட உலர்மீனும் தருகின்றனர். அடுத்த ஊர் முல்லை நிலத்து வேலூர். இதனைக் கிளியனூரை அடுத்த உப்புவேலூர் என்பர். அங்கே எயிற்றியர் புளி பெய்து சமைத்த சூடான சோற்றோடு ஆமான் இறைச்சி தருகின்றனர். மூன்றாவது மருத நிலத்து ஆமூர். இது நல்லாமூர் எனப்படும். அங்கே உழவர் வீட்டுப் பெண் வெண்சோறும் நண்டும் படைக்கிறாள். அதன்பின் தலைநகராகிய கிடங்கில். அது இன்று கிடங்கல் என்ற பெயரோடு திண்டிவனம் நகருக்குள் அடங்கிவிட்டது. காவிதிக் கீரங்கண்ணனார், குலபதி நக்கண்ணனார் ஆகிய சங்கப் புலவர் இருவரைத் தந்த ஊர் அது என்பதை நம் வட்டக் கவிஞர்களுக்கு நினைவூட்டுவது மிகையாகாது.

ஒரு செய்தியை இடையே சொல்லிவிடுகிறேன். திண்டிவனம் என்பது திந்திரிணி வனம், அதாவது புளியங்காடு, என்பதன் மரூஉ என்பர். எயிற்றியர் சோற்றில் பெய்த புளி எந்தக் காட்டில் பறித்தது என்று நான் மாணவரைக் கேட்பதுண்டு. இதைச் சான்றாகக் கொள்ள முடியாது என்பதையும் உடனே சொல்லிவிடுவேன். ஆயினும் அவர்கள் பேருந்து நிலையத்துப் புளியோதரைப் பொட்டலத்தைப் பிரிக்கும்போது இனி ஒருகணம் நிற்பார்கள்.

மரக்காணத்திலிருந்து திண்டிவனம் ஏறத்தாழ 35 கிலோமீட்டர். பேருந்தில் ஒன்றேகால் மணி நேரம். பாணனுக்கு இது மூன்று நிலம், மூன்று அடுப்பு, மூன்று வகைப் பெண்களின் கைச்சோறு. ஆமான் திரிந்த புறவு இன்று சவுக்குத் தோப்பாகவும் முந்திரித் தோப்பாகவும் இருக்கிறது. கார்காலத்தில் அவ்வழியே ஊர்ந்த செந்நிறத் தம்பலப்பூச்சியை என் சிறுவயதில் உள்ளங்கையில் ஏந்தியிருக்கிறேன். என் மாணவியர் பலர் அதனைக் கண்டதில்லை.

கோல் ஊன்றிய கை

இனி என் பிழைக்கு வருகிறேன்.

1990ஆம் ஆண்டை ஒட்டிய காலம். எனக்கு ஒன்பது, பத்து வயது. எங்கள் ஏரிக்கரையில் நான்கைந்து இருளர் குடிசைகள் இருந்தன. அங்கிருந்து ஒரு மூதாட்டி எங்கள் வீட்டுக்கு வருவார். ஆயா என்றே அழைப்பேன். என்னை அவர் பாப்பா என்பார். பச்சிலை கொடுப்பார், தேள்கடிக்கு மருந்து சொல்வார், களத்தில் எலி மிகுந்தால் பிடித்துத் தருவார். திண்ணையில் அவர் ஒருநாளும் அமர்ந்ததில்லை. படிக்குக் கீழே நின்றபடி, தாம் கொண்டுவந்த அலுமினியக் குண்டானில், என் பாட்டி மேலிருந்து ஊற்றும் கூழை வாங்கிச் செல்வார். இதை எழுதுவதற்கு எனக்குக் கூச்சமாக இருக்கிறது. எழுதாமல் மேலே செல்வது அதைவிடக் கூச்சம்.

தை அறுவடை முடிந்த விடுமுறை நாள்களில் வீட்டாருக்குத் தெரியாமல் அவர் பின்னே போவேன். கையில் முனைக்கு இரும்பு கட்டிய கோல்; இடுப்பில் ஒரு பை; புகை போடுவதற்குத் துளையிட்ட பானை. வரப்பில் உள்ள வளைகளை ஒவ்வொன்றாகப் பார்ப்பார். வாயில் சிலந்தி வலை இருந்தால் அது குடியில்லாத வீடு. புதுமண் தள்ளியிருந்தால் எலி உள்ளே. "மண்ணு பளபளன்னு வழவழத்திருந்தா கிட்ட வராத பாப்பா, அது எலி இல்ல" என்பார். ஒருமுறை அப்படி வழவழத்த வளையைக் கண்டதும் கைகூப்பி ஏதோ முணுமுணுத்துவிட்டு, என்னை வரப்பின் மறுபக்கம் இழுத்துக்கொண்டு விலகிப் போனார். நல்ல வளையாக இருந்தால் தோண்டுவார். எலி சேர்த்து வைத்த நெற்கதிர் சில வேளை படிக்கணக்கில் வெளிவரும். அந்நெல்தான் அவர்கள் வீட்டுப் பொங்கல்.

ஒருநாள் ஏரி வற்றிய சேற்றில் அல்லிக் கிழங்கைத் தோண்டி எடுத்து, குடிசை அடுப்பில் வேகவைத்துத் தோலுரித்துக் கொடுத்தார். சாம்பல் மணமும் சேற்று மணமும் கலந்த, மாவு போன்ற கிழங்கு. தின்றேன். வீட்டில் சொல்லவில்லை.

புறநானூற்று 176ஆம் பாட்டு நம் ஓய்மான் நல்லியக்கோடனைப் புறத்திணை நன்னாகனார் பாடியது. காட்டுப்பன்றி கிளறிய கருஞ்சேற்றைத் துழாவும் விளையாட்டு மகளிருக்கு ஆமை முட்டையும் தேன் மணக்கும் ஆம்பற் கிழங்கும் கிடைக்கின்றன என்று மாவிலங்கையின் வளத்தைச் சொல்கிறது அப்பாட்டு. பெரும்பாணாற்றுப்படையில் எயிற்றியர் இரும்பு முனை கொண்ட கோலால் கரம்பு நிலத்தைக் கிண்டிப் புல்லரிசி எடுக்கின்றனர். அது எறும்பு சேர்த்து வைத்த அரிசி என்பது உரைமரபு. மான் கட்டிய விளமர நிழலில், நிலத்தில் அமைந்த உரலில் அதைக் குற்றி, உவர்க்கேணி நீரில், வாய் உடைந்த பானையில் சமைத்து, உலர்ந்த இறைச்சியோடு வழிப்போக்கனுக்குப் படைக்கின்றனர். இவ்விரு பகுதிகளுக்கும் என் ஆய்வேட்டில் ஓர் இயலே உண்டு. உரை வேறுபாடு, சொல்லாராய்ச்சி, தொடைநயம் எதையும் விடவில்லை.

வாய்மொழித் தேர்வில் ஒரு பெரியவர், "இவ்வுணவெல்லாம் இன்று யாரிடம் உள்ளது அம்மா?" என்று கேட்டார். நான் சற்றும் தயங்காமல், "வழக்கொழிந்தது, ஐயா" என்று விடை சொன்னேன். அவரும் தலையசைத்தார். அவை கைதட்டியது.

ஒன்பது வயதில் அந்தக் கிழங்கைத் தின்ற வாய்தான் அவ்வாறு சொன்னது. பொய் சொல்ல வேண்டும் என்று சொல்லவில்லை. ஆயாவின் அடுப்பும் சங்க நூலும் ஒரே நிலத்தைச் சேர்ந்தவை என்பது அன்று எனக்குத் தோன்றவே இல்லை. நூலுக்குள் எயிற்றி இருந்தாள். நூலுக்கு வெளியே படிக்குக் கீழே ஆயா நின்றார். இருவர் கையிலும் இருந்த கோல் ஒன்றென்று காண எனக்கு முப்பது ஆண்டு பிடித்தது. எயினரின் வழிவந்தவரே இருளர் என்று நிறுவ நான் முற்படவில்லை. அதற்கு மொழியியலும் மானிடவியலும் கற்றோர் வேண்டும். நான் சொல்வது கையையும் கோலையும் பற்றி மட்டுமே.

இன்னொன்றும் உறுத்துகிறது. அன்று வழி நடந்து வந்த புலவனுக்குச் சோறிட்டவள் காட்டு மகள். புலவன் அச்சோற்றை உண்டு, அவள் பானையின் உடைந்த வாயைக்கூட மறவாமல் பாட்டில் வைத்தான். எங்கள் காலத்தில் கூழ் மேலிருந்து கீழே ஊற்றப்பட்டது.

மலை வழி

மலைபடுகடாம் 583 அடிகளை உடையது. இரணியமுட்டத்துப் பெருங்குன்றூர்ப் பெருங்கௌசிகனார் பாடியது. சேயாற்றங்கரையும், நவிரமலை என்று அது கூறும் பருவதமலையும் நமக்கு மேற்கே திருவண்ணாமலை மாவட்டத்தில் உள்ளவை. மலையேறுவோர்க்கு இதனினும் விரிவான வழிநூல் பழந்தமிழில் இல்லை. தினைப்புனம் காக்கப் பன்றிக்கு வைத்த கற்பொறிகள் வழியில் உண்டு. ஆகையால் விடிந்த பிறகே போங்கள் என்கிறது. பரண்மேல் இருப்பவர் யானையை ஓட்ட விடும் கவண்கல் மரங்களில் பட்டுத் தெறித்து வரும். மரத்தின் பின் ஒதுங்குங்கள் என்கிறது. வழுக்கும் பாசிப்பாறையில் கொடியைப் பற்றிக்கொண்டு இறங்குங்கள் என்கிறது. பாம்பு ஒடுங்கிய பள்ளங்களைக் குறிவைத்துக்கொண்டு, விறலியர் கைதொழ, வழியைச் சற்றே விட்டு வலப்புறமாக விலகிச் செல்லுங்கள் என்கிறது. இந்த இடத்திற்கு வந்தபோது நான் நூலை மூடிவிட்டேன். வரப்பில் என்னை இழுத்துக்கொண்டு விலகிய ஆயாவின் கூப்பிய கை கண்முன் நின்றது. ஆய்வேடு எழுதிய நாளில் இதே அடிகளுக்குக் 'கடவுள் அச்சம்' என்று மட்டும் குறிப்பு எழுதியிருந்தேன். அஞ்சியவர் செயலா அது? பாம்பின் வீட்டுவாசலை அறிந்தவரின் மரியாதை.

அம்மலையில் எழும் ஒலிகளைப் புலவர் அடுக்கிச் சொல்லும் பகுதியை நம் கவிஞர்கள் ஒருமுறை உரக்கப் படிக்க வேண்டும். குட்டி விடர்க்குள் விழுந்துவிட்டதால் கதறும் மந்தி, புலி கிழித்த கணவன் மார்பின் புண் ஆறக் காப்பாகப் பாடும் கொடிச்சியர், தேன் எடுத்தோர் ஆரவாரம், வள்ளைப் பாட்டு. அழகும் அழுகையும் ஒரே மலையிலிருந்து வருகின்றன. காட்டை இன்பச் சுற்றுலாவாகக் கண்டவன் அந்தப் புண்ணையும் அந்த மந்தியையும் சேர்த்திருக்க மாட்டான்.

அந்நூலில் ஒரு சிறு குறிப்பு வருகிறது. பல வழிகள் கூடும் சந்தியில், தரையைத் துடைத்துச் சுத்தம் செய்து, புல்லை முடிந்து போட்டு வையுங்கள் என்று கூத்தர்க்குச் சொல்லப்படுகிறது. பின்னே வருபவர் எவ்வழி நீங்கள் போனீர்கள் என்று அறிவதற்காக. ஆயா இதைச் செய்வார். ஏரிக்கரை வழி இரண்டாகப் பிரியும் இடத்தில் நின்று, நீண்ட புல்லை வேரோடு நிற்கவிட்டே ஒரு முடிச்சுப் போடுவார். "எதுக்கு ஆயா?" என்றால், "பெரியவன் பின்னாடி வருவான்" என்பார். அவர் பெரியவன் என்றது தம் மூத்த மகனை. பத்துப்பாட்டை நச்சினார்க்கினியர் உரையோடு உ.வே. சாமிநாதையர் அச்சேற்றியது 1889இல். ஏடு தேடி அவர் ஊரூராக அலைந்த கதை நாம் அறிந்ததே. அச்சேறிய அந்த நூல் எட்டாத குடிசையில் அந்தப் புல்முடிச்சு தானாகவே உயிரோடிருந்தது.

கோட்டை

பிற்காலத்தில் இந்நிலத்தின் வனக்கதை அரசர் கையில் போயிற்று. திண்டிவனத்திற்கு மேற்கே 28 கிலோமீட்டரில் செஞ்சி. 1677இல் சிவாசி கைப்பற்றிய அக்கோட்டைக்கு, 1689இல் அவர் மகன் இராசாராம் பன்ஹாளாக் கோட்டையிலிருந்து மாறுவேடத்தில் தப்பி வந்தார். மொகலாயர் துரத்த, அடியார் வேடத்தில் காடும் ஆறும் கடந்து வந்த அந்நெடும்பயணத்தைக் கேசவ பண்டிதர் என்பார் 'இராசாராமசரிதம்' என வடமொழியில் பாடிவைத்தார். சூல்பிகர்கானின் முற்றுகை 1690 முதல் 1698 வரை எட்டாண்டு நீண்டது. 1692இன் இறுதியில் மராட்டியப் படைகள் வந்து முற்றுகையிட்டவரையே முற்றுகையிட, மொகலாயர் பசியோடு வந்தவாசிக்குப் பின்வாங்கினர். அப்படைகளோடு இருந்த பீம்சேன் தாம் கண்டவற்றைப் பாரசீகத்தில் எழுதினார். கோட்டை விழுமுன் இராசாராம் மீண்டும் தப்பிப் போனார். 1714இல் ஆர்க்காட்டு நவாபு சாதத்துல்லாகானோடு பொருது இளமையிலேயே மாண்ட தேசிங்கின் கதை மட்டுமே இவற்றுள் மக்கள் வாயில் நின்றது. எவருக்கும் அடங்காக் குதிரையைச் சிறுவன் அடக்கிய கதையை எங்கள் ஊர்த் தெருவில் பாடக் கேட்டவள் நான்.

2025 சூலையில் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமாக அறிவித்த மராட்டியர் கோட்டைகள் பன்னிரண்டில், மகாராட்டிரத்திற்கு வெளியே உள்ளது செஞ்சி ஒன்றே. நல்ல செய்தி. மாணவியரோடு இராசகிரியின் 800 அடி உயரத்தை ஏறி இறங்கிய களைப்பில் எனக்குத் தோன்றியது வேறு. இத்தனை பேர் இக்குன்றுகளுக்குள் வந்தார்கள், ஒளிந்தார்கள், தப்பினார்கள். இரவில் எந்தப் பாறை இடுக்கில் இறங்கலாம், எந்தச் சுனையில் கோடையிலும் நீர் நிற்கும் என்று அறிந்த கால்கள் யாருடையவை? ஏடுகள் தளபதிகளின் பெயரைச் சொல்கின்றன. ஆற்றுப்படையில் வழி சொல்பவனே கதைசொல்லி. அரசர் வரலாற்றில் அவன் கதைக்குள்ளேயே இல்லை.

திருவக்கரைக் கல்மரங்களைப் பற்றியும் விரிவாக எழுத நினைத்திருந்தேன். ஏறத்தாழ இரண்டு கோடி ஆண்டுப் பழமையான அம்மரங்களைப் பிரெஞ்சு இயற்கையியலாளர் சொன்னெரா பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியில் உலகுக்கு அறிவித்தார். அங்கும் அதே கேள்விதான். ஆகவே கடந்து செல்கிறேன்.

நம் காலத்தில் காட்டைத் தம் காலால் அளந்து தமிழிலும் எழுதியவர் மா. கிருஷ்ணன் (1912-1996). 'பத்மாவதி சரித்திரம்' எழுதிய அ. மாதவையாவின் மகன். அவருடைய தமிழ்க் கட்டுரைகள் சு. தியடோர் பாஸ்கரனின் தொகுப்பில் 'மழைக்காலமும் குயிலோசையும்' என 2002இல் வெளிவந்தன. நம் வட்ட நூலகத்தில் அதன் படி ஒன்று உண்டு; அட்டை கிழிந்திருக்கிறது. அது பலர் படித்ததற்கு அடையாளம் என்று மகிழ்கிறேன்.

பெயரில்லா வழிகாட்டி

இருளரின் அண்மைக்கால வரலாறு சுருக்கமானது, கடியது. 1972இன் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையைத் தடுத்தது. பாம்புத்தோல் ஏற்றுமதி 1976இல் முற்றிலும் நின்றது. வேண்டிய சட்டங்களே, ஆனால் அவை வந்த நாளில் இவர்களுக்கு மாற்றுத் தொழில் வரவில்லை. மாமல்லபுரத்தை அடுத்த வடநெம்மேலியில் 1978இல் ரோமுலஸ் விட்டேகரின் முயற்சியோடு இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் எழுந்தது. நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகியவற்றைப் பிடித்து நஞ்செடுத்தபின் காட்டில் விடும் முறை அது. நாட்டின் பாம்புக்கடி மருந்துக்கு அந்நஞ்சே பெருந்துணையாயிற்று. அச்சமூகத்தைச் சேர்ந்த மாசி சடையனும் வடிவேல் கோபாலும் 2017 சனவரியில் அமெரிக்காவின் பிளாரிடா சதுப்புக் காட்டுக்கு அழைக்கப்பட்டனர். அங்கே பெருகிவிட்ட பர்மிய மலைப்பாம்புகளைத் தேடிப் பிடிப்பது வேலை. அவ்வூரார் சாலையோரமாகத் தேடிக்கொண்டிருக்க, இவர்கள் புதருக்குள் நுழைந்து தடமும் எச்சமும் பார்த்து, முதல் சில நாள்களிலேயே 13 பாம்புகளைப் பிடித்தனர். ஒன்று 16 அடி. 2023இல் இருவருக்கும் பத்மசிறீ விருது கிடைத்தது. கடல் கடந்து சென்று திரும்பிய அவ்விருவரின் கதையை அவர்கள் வாயால் கேட்டுத் தமிழில் ஓர் ஆற்றுப்படையாக எழுதும் கவிஞர் நம்மிடையே இருக்கலாம்.

நம் பகுதியில் அத்தகைய சங்கம் எழவில்லை. நெல் அரைவை ஆலைகளும் செங்கற்சூளைகளும் முன்பணம் கொடுத்து அழைத்துக்கொண்டன. கொத்தடிமை முறை 1976ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது, முன்பணம் ஒழியவில்லை. திண்டிவனத்தில் பேராசிரியராக இருந்த பிரபா கல்விமணி 1990களில் இருளர்க்காக இயங்கத் தொடங்கியபோதுதான் சாதிச்சான்றும் பள்ளியும் இவர்கள் பேச்சில் நுழைந்தன. அந்தப் பேச்சு எங்கள் வீட்டுத் திண்ணைவரை வந்து சேர்வதற்குள் ஏரிக்கரைக் குடிசைகள் காலியாகிவிட்டன. பட்டம் பெற்ற ஆண்டில் ஆயாவைத் தேடினேன். குடும்பத்தோடு சூளைக்குப் போய் அங்கேயே இறந்துவிட்டார் என்று பின்னர்த் தெரிந்தது.

கழுவெளி 2021 திசம்பரில் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது; 5,151.6 ஹெக்டேர் பரப்பு. 2024 ஆகத்தில் ராம்சர் பட்டியலில் இடம்பெற்றது. மழைக்கால நன்னீரும் கடலின் உவர்நீரும் கலக்கும் அவ்வெளிக்கு நடு ஆசியாவிலிருந்து வலசைப் பறவைகள் வருகின்றன. மரக்காணக் கழியில் நத்தத்தனார் கண்ட நீரும் இதன் தொடர்ச்சியாகவே இருக்க வேண்டும். சென்ற தை மாதம் அங்கே போனேன். உடன் வந்தவர் ஆயாவின் பேரன். சவுக்கு வெட்டும் கூலி வேலை செய்கிறார், வயது முப்பதுக்குள். பூநாரைக் கூட்டத்தை நான் காணும் முன்பே அவை எத்திசையில் எழும் என்று சொன்னார். நீரோரச் சேற்றிலிருந்த தடங்களைப் பார்த்து, நரி, கீரி, நேற்றிரவு வந்த பன்றி என வரிசையாகச் சொல்லிக்கொண்டே வந்தார். வழி பிரியும் இடத்தில் நான் நின்று, உங்கள் ஆயாவைப் போலப் புல்லில் முடிச்சுப் போடுவதுண்டா என்று கேட்டேன். சிரித்தார். "பின்னாடி யாரு டீச்சர் வரப்போறாங்க?" என்றார்.

நம் வட்ட அன்பர்கள் அடுத்த தையில் அங்கே போக விரும்புவதாக அவரிடம் சொன்னேன். நாட்கூலிக்குக் குறையாமல் தர வேண்டும் என்பதை நானே முன்வந்து சொன்னேன், அவராகக் கேட்கவில்லை. பிறகு அவர் வழி சொன்னார். அதை நான் திருத்தாமல் இங்கே எழுதிவிடுகிறேன்.

"காலைல ஆறு மணிக்கு முன்னாடி வந்துடுங்க. வெயில் ஏறிட்டா குருவி உள்ள போயிடும். பனந்தோப்பு தாண்டுனா வழி ரெண்டாப் பிரியும். சோத்தாங்கை பக்கம் நல்லாத் தெரியும், அதுல போவாதீங்க, முழங்கால் வரைக்கும் சேறு. பீச்சாங்கை பக்கம் முள்ளு இருக்கும், ஆனா தரை கெட்டி. செருப்பு வேணாம், சேத்துல மாட்டிக்கும். வெள்ளைச் சட்டை போடாதீங்க. புத்துக்கிட்ட உக்காராதீங்க. குடிக்கத் தண்ணி எடுத்துக்கினு வாங்க, அங்க எல்லாம் உப்பு. வனத்துறைல சொல்லிட்டு வாங்க, இல்லன்னா என்னத்தான் கேப்பாங்க."